இரவல் இஞ்சின்கள்

மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு இஞ்சினைச் சுற்றித்தான் போகும். எத்தனை சி.சி., எத்தனை குதிரை சக்தி, என்ன சத்தம்! அந்த இஞ்சினைத் தாங்குகிற குழாய்ச் சட்டத்தை, அதாவது பிரேமை, யாரும் சீந்துவதில்லை. எனக்கென்னவோ இந்தச் சரித்திரத்தில் ருசியான மனிதர்களெல்லாம் பிரேம் கட்டினவர்கள்தான் என்று படுகிறது. சொந்தமாக ஓர் இஞ்சின் கிடையாது. பெரிய முதலும் கிடையாது. ஒரு கொட்டகை, சில குழாய்கள், ஒரு காஸ் வெல்டிங் செட்டு, அவ்வளவுதான் ஆஸ்தி. ஊரார் இஞ்சினை இரவல் வாங்கி, அதைப் பெற்றவர்களே எதிர்பாராதபடி ஓட வைத்தார்கள்.

பிரேம் செய்ய வேண்டிய காரியம் சொல்லச் சுலபம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றுக்கொன்று கோணாமல் நிற்க வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது குழாய்கள் துளி முறுக்கிக்கொண்டாலும் போதும், வண்டி மீன் மாதிரி வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். என் வண்டியைப் பழுது பார்க்கும் புதுப்பேட்டை மெக்கானிக் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "இஞ்சின் போனா வண்டி நின்னுடும் சார். சேஸ் போனா நிக்கவே நிக்காது."

1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனிக்கு இந்தத் தொல்லைதான். பந்தய இஞ்சின் பிரமாதம்; அதைச் சுமந்த பிரேமுக்கோ 'தோட்டத்துக் கேட்' என்று பட்டப் பெயர். பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்காண்ட்லஸ் என்பவர் இரட்டைக் குழாய் வளையங்களால் புதிதாக ஒரு பிரேம் கட்டிக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரால்டு டேனியல், இறகு மெத்தையில் படுத்தது போலிருக்கிறது என்றாராம். அதிலிருந்து அதற்கு 'பெதர்பெட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1950-ல் ஐல் ஆப் மான் தீவில் நடந்த சீனியர், ஜூனியர் டி.டி. பந்தயங்கள் இரண்டிலும் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே.

பிறகு நடந்தது வேடிக்கை. 500 சி.சி. குட்டிக் கார்களில் பந்தயம் விட்டவர்களுக்கு நார்ட்டனின் இஞ்சின் மேல் மோகம். கம்பெனியோ இஞ்சினைத் தனியே கொடுப்பதாயில்லை. ஆகவே முழு மோட்டார் சைக்கிளை வாங்கி, இஞ்சினை உருவிக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் என்றால் என்ன? பெதர்பெட் பிரேம்! அதை வாங்கினவர்கள் டிரையம்ப் இஞ்சினை உட்கார்த்தி, இரண்டு பெயரையும் ஒட்டி, 'டிரைட்டன்' என்றார்கள். டிரெஸ்டா பட்டறையின் டேவ் டீகன்ஸ் இப்படிக் கட்டிய வண்டியை, 1965-ல் பார்ஸிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரும் ரெக்ஸ் பட்சரும் மாறி மாறி ஓட்டி ஜெயித்தார்கள்.

இவர்கள் எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர்கள் ஹாம்ப்ஷயரில் நியூ மில்டன் என்ற சின்ன ஊரில் தொழில் நடத்திய ரிக்மன் சகோதரர்கள். டெரிக், டான் இருவரும் சேற்றிலும் மேட்டிலும் பந்தயம் ஓட்டினவர்கள். ஒரு கம்பெனியின் இஞ்சின், இன்னொன்றின் கியர்பெட்டி என்று சேர்த்து 1960 வாக்கில் ஒரு வண்டி செய்து, அதற்கு 'மெட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் கலப்பினத்துப் பெண் என்று அர்த்தம். தன் சரக்கைத் தானே கலப்படம் என்று விளம்பரம் செய்கிற துணிச்சல் எந்தப் பெரிய முதலாளிக்கு வரும்?

பிறகு பிரேமையும் தாங்களே கட்டினார்கள். ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய உருக்குக் குழாய். அதை உருக்கி ஒட்டினால் பலம் போய்விடும். ஆகையால் குறைந்த சூட்டில் உருகும் வெண்கலத்தால் பற்றவைத்தார்கள். மேலே பளபளவென்று நிக்கல் முலாம். தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது, குழாய்க்குள்ளேயே எண்ணெய். பெரும்பாலும் இஞ்சின் இல்லாமலே விற்றார்கள். வாங்குகிறவர் தம் இஞ்சினைப் பொருத்திக்கொள்ள வேண்டியது. தாலியை மட்டும் விற்றுவிட்டு மாப்பிள்ளையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல! ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன்கூட மெட்டிஸ் வைத்திருந்தார்.

சுவிட்சர்லாந்தின் பிரிட்ஸ் எக்லி, 1955-ல் உற்பத்தி நின்றுபோன வின்சென்ட் இஞ்சினுக்கு ஒரே பருத்த குழாயை முதுகெலும்பாக வைத்து மறுவாழ்வு கொடுத்தார். ஹோண்டா 1969-ல் நாலு சிலிண்டர் 750-ஐக் கொண்டுவந்தபோது ஜப்பானிய இஞ்சினின் வேகத்துக்கு ஜப்பானிய பிரேம் ஈடுகொடுக்கவில்லை. இத்தாலியில் ரிமினி ஊரின் மாஸிமோ தம்புரினி அப்படிப்பட்ட ஹோண்டாவில் விழுந்து அடிபட்டவர். வேறொருவராயிருந்தால் மோட்டார் சைக்கிளுக்கே முழுக்குப் போட்டிருப்பார். அவர் அந்த இஞ்சினுக்கு நல்ல பிரேம் கட்டினார். பிமோட்டா கம்பெனியின் முதல் ரோட்டு வண்டி அது.

1980-களில் ஜப்பான்காரர்களே அலுமினிய பிரேம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பட்டறைக்காரர்களுக்கு வேலை குறைந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ராயல் என்பீல்டு 1970-ல் இங்கிலாந்தில் படுத்துவிட்டபோது 736 சி.சி. 'இன்டர்செப்டர்' இஞ்சின்கள் கொஞ்சம் அனாதையாகக் கிடந்தன. அவற்றை வாங்கி நிக்கல் பிரேமில் ஏற்றினவர்கள் ரிக்மன்களேதான். திருவொற்றியூரில் புல்லட் மட்டும் விடாமல் தயாராகிக்கொண்டிருந்தது. 1972-ல் தொடங்கிய இன்னொரு சகோதரர் பட்டறை, ஹாரிஸ். 2013-ல் வந்த கான்டினென்டல் ஜி.டி.க்கு பிரேம் வகுத்தது அவர்கள்தான். 2015-ல் ராயல் என்பீல்டு அந்தப் பட்டறையையே விலைக்கு வாங்கிவிட்டது. 2018-ல் புது இரட்டை சிலிண்டர் இஞ்சினோடு சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு வண்டி விற்பனைக்கு வந்தது. பிரேம் ஹாரிஸ்காரர்களுடையது, பெட்ரோல் டாங்கிக்குக் கீழே எழுதியிருந்த பெயர் இன்டர்செப்டர்.