பூந்தமல்லியின் மூடிய நீதிமன்றம்: ஈழ இயக்கங்களும் உளவாளி ஐயமும் (1983–2022)

ஈழ ஆயுத இயக்கங்களின் வரலாற்றில் ‘உளவாளி’ என்ற குற்றச்சாட்டு பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அரசின் ஆட்கள் இயக்கங்களுக்குள் ஊடுருவியிருந்தார்களா என்ற கேள்வியோடு, அந்த ஐயத்தை விசாரிக்க என்ன வழி இருந்தது என்ற கேள்வியும் முக்கியமானது. இக்கட்டுரை இரண்டாவது கேள்வியை ஆராய்கிறது.

ஐயத்தின் தோற்றம்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இந்திய உளவு நிறுவனமான ‘ரா’ ஈழ இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தது. இன்றைய உத்தராகண்டில் உள்ள சக்ராதா அத்தகைய இடங்களுள் ஒன்று. டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், விடுதலைப் புலிகள் எனப் போட்டி அமைப்புகள் பலவும் ஒரே நிறுவனத்திடம் உதவி பெற்றன. ஆகவே ஐயத்துக்கு அடிப்படை இருந்தது. உதவி பெற்றவர் யார், ஏவலுக்கு ஆட்பட்டவர் யார் என்று பிரித்தறியத்தான் வழியில்லை.

உள்நோக்கித் திரும்பிய துப்பாக்கி

தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுப் பகுதியில் இயங்கிய, மற்றோர் ஈழ அமைப்பான புளொட்டின் முகாம்களில், தலைமையைக் கேள்வி கேட்ட இளைஞர்கள் உளவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர்; சிலர் கொல்லப்பட்டனர். அவ்வமைப்பிலிருந்து வெளியேறிய கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) இதற்கு இலக்கியச் சான்று. 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோதும், இந்தியாவின் கைக்கூலி என்ற பழி துணைக்கு வந்தது.

புலிகளின் துணைத் தலைவராக இருந்த மாத்தையாவே 1993இல் ‘ரா’வுடன் சேர்ந்து சதி செய்தார் என்று சிறைபிடிக்கப்பட்டு, 1994 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவர் முறையிட மேல்மன்றம் ஏதும் இருக்கவில்லை.

பூந்தமல்லி விசாரணை

அரசின் விசாரணையும் மூடிய கதவுக்குள்ளேயே நடந்தது. விடுதலைப் புலிகள் மீது குற்றம் சாட்டப்பட்ட ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் மூடிய அறையில் விசாரித்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

தடாவின் 15ஆம் பிரிவின்படி காவல் கண்காணிப்பாளரிடம் தரப்பட்ட வாக்குமூலமே சாட்சியமாக ஏற்கப்பட்டது. இவ்வழக்கில் தண்டிக்கப்பட்டோருள் ஒருவரான பேரறிவாளன் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவை இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் பதிவு செய்யவில்லை என்று, 1991இல் வாக்குமூலம் எழுதிய சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். அந்த ஒரு வரி வெளியே வர 22 ஆண்டுகள் ஆயின. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார்.

கொலையின் பின்னிருந்த பெருஞ்சதியை ஆராய 1998இல் அமைக்கப்பட்ட பல்நோக்குக் கண்காணிப்பு முகமையின் அறிக்கைகள் மூடிய உறையிலேயே நீதிமன்றத்துக்குச் சென்றன. அந்த முகமை 2022இல் கலைக்கப்பட்டது.

முடிவுரை

இயக்கத்தின் பதுங்கு அறையையும் பூந்தமல்லி நீதிமன்றத்தையும் சமமாக வைக்க முடியாது. பின்னதில் மேல்முறையீடு இருந்தது. அதனால் உயிர்கள் பிழைத்தன. ஆயினும் இரண்டும் சாட்சியத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கின. சோதிக்க முடியாத குற்றச்சாட்டை மறுக்கவும் முடியாது. அதனால்தான் இந்நிகழ்வுகளில் ‘ரா’வின் பங்கு குறித்த ஐயங்கள் இன்றும் நூல்களாகவும் மேடைப் பேச்சுகளாகவும் தொடர்கின்றன. மூடிவைக்கப்பட்ட விசாரணை ஆவணங்களைத் திறப்பது, கொல்லப்பட்டோர் குடும்பங்களுக்கும் தவறாகத் தண்டிக்கப்பட்டோருக்கும் அரசு செலுத்த வேண்டிய கடன்.