நெகேபுவின் துளியும் யோர்தானின் நீரும்

கெரார்ப் பள்ளத்தாக்கில் ஈசாக்கின் ஆள்கள் ஊற்று நீரைக் கண்டதும், அது தமதென்று அவ்வூர் மேய்ப்பர்கள் வழக்காடியதைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். நெகேபுவில் நீர் என்றுமே வழக்குக்குரிய பொருள்தான். அவ்வறண்ட மண்ணில், பெயேர்செபாவுக்கு அருகே 1946-இல் அமைந்த ஹட்சேரிம் என்னும் கூட்டுப்பண்ணையில்தான் இன்றைய சொட்டுநீர்ப் பாசனம் தொழிலாக உருப்பெற்றது.

வேருக்கு அருகே நீரைக் கசியவிடும் எண்ணம் பழையது. மட்கலத்தைப் புதைத்து நீர் நிரப்பும் முறை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீன வேளாண் நூலில் உண்டு. புதுவழி கண்டவர் வார்சாவில் பிறந்த பொறியாளர் சிம்கா பிளாஸ் (1897–1982). 1930-களில், வரிசையாய் நின்ற மரங்களுள் ஒன்று மட்டும் ஓங்கி வளர்ந்திருக்கக் கண்டார். தோண்டிப் பார்த்தபோது, குழாயின் இணைப்பிலிருந்து நீர் துளித்துளியாய்க் கசிந்துகொண்டிருந்தது. மேலே சிறு ஈரம். அடியிலோ வேர்ப்பகுதி அகன்று நனைந்திருந்தது. ஆயினும், போருக்குப் பின் மலிவான பிளாஸ்டிக் குழாய்கள் வந்த பிறகே அக்காட்சி கருவியாயிற்று. நுண்துளையை அழுக்கு அடைத்துவிடும். எனவே நீண்ட சுருள்வழியில் நீரைச் செலுத்தி, உராய்வினாலேயே அதன் வேகத்தைத் தணித்தார். 1965-இல் ஹட்சேரிமோடு உடன்பாடு ஏற்பட்டு, நெட்டாஃபிம் நிறுவனம் பிறந்தது.

கலிலேயக் கடலின் நீரைத் தெற்கே கொண்டுசெல்ல 1964-இல் இயங்கத் தொடங்கிய, ஏறத்தாழ 130 கி.மீ. நீளமுள்ள தேசிய நீர்வழியைத் திட்டமிட்டோருள் முதன்மையானவரும் இதே பிளாஸ்தான்! துளி மிச்சமாயிற்று, ஆறு பிழைத்ததா? இஸ்ரயேலும் யோர்தான் நாடும் சிரியாவும் நீரை எடுத்துக்கொள்ள, முன்பு ஓடியதில் பத்தில் ஒரு பங்குகூட இன்று சாக்கடலைச் சேர்வதில்லை. அதன் மட்டம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்கிறது. ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற துறையில் திருப்பயணிகள் காண்பது கலங்கிய சிற்றோடையே.

இதனைச் சொட்டுநீரின் குற்றமென்று கூறலாகாது. ஆனால் வயலில் மிஞ்சிய நீர் தானாக ஆற்றுக்குத் திரும்புவதில்லை. புதிய நிலத்துக்கே போகிறது. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இக்கருவிகளை அரசு முழு மானியத்தில் வழங்குகிறது. குழாய் பதித்தவர், மிஞ்சிய நீரைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கர் வாழை வைப்பதை நம் ஊர்களிலும் காண்கிறோம். கடன்பட்டவரைக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் கிணற்றின் மட்டம் ஏறாததற்குக் காரணம் அதுவும்தான். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்னும் வரம்பைக் குழாய் வகுத்துத் தராது. ஊர் கூடியே வகுக்க வேண்டும்.

இஸ்ரயேலில் 2025-இன் இறுதிப் பகுதி முதல், உப்பு நீக்கிய மத்தியதரைக் கடல்நீரைக் கலிலேயக் கடலுக்கு அனுப்பத் தொடங்கியுள்ளனர்.