கவர்னரின் உடன்பிறந்தாள்

கொல்லிப்பாவையைப் பாடம் நடத்தும்போது வகுப்பில் இரண்டு பாவைகள் வந்து நிற்கிறார்கள். சங்கப் பாட்டில் வருகிறவள் பூதம் செய்துவைத்தவள். காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் வனப்புக் குலையாதவள், தலைவியின் அழகுக்கு உவமை. பிற்காலக் கதைகளில் வருகிறவள் சிரித்து மயக்கி ஆண்களைக் கொல்லும் பொறி. மலைமேல் எட்டுக்கை அம்மனாக அவளைக் கும்பிடவும் செய்கிறார்கள். உவமையாக இருந்தவள் கொலைகாரியானது எப்படி என்று ஆண்டுதோறும் ஒரு மாணவியாவது கேட்டுவிடுவாள்.

பாவைக்கு மூன்றாவது உருவமும் உண்டு. மெழுகிலோ மாவிலோ பிடித்து ஊசி குத்துவது; நாம் பில்லி சூனியம் என்போமே, அது. அதைத் தேடிப் படித்துப் போனபோது இன்னொரு சேலத்தில் போய் நின்றேன். 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை கொல்லிமலை நம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நான் சொல்லும் சேலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். சென்னைக்கும் அந்தச் சேலத்துக்கும் இருந்த இரத்த உறவு அப்படியல்ல.

1692 ஜூன் 6ஆம் தேதி அங்கே ஆன் டாலிவர் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று கைது செய்து விசாரித்தார்கள். அவள் ஊரின் முதிய போதகர் ஜான் ஹிக்கின்சனின் மகள். 1682இல் வில்லியம் டாலிவர் என்பவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார்கள். அவன் கைவிட்டுப் போனான். அவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். நம் ஊர்ச் சொல்லில் வாழாவெட்டி. மனச்சோர்வால் புத்தி கலங்கியவள் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். கைவிட்டவனுடைய புத்தியைப் பற்றி யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

விசாரணையில் அவள் ஒன்றை ஒப்புக்கொண்டாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மெழுகுப் பாவை செய்ததுண்டு. தனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாக அப்போது நினைத்தாள்; துன்புறுத்தியவர்களைத் திருப்பித் துன்புறுத்த இதுவே வழி என்று ஒரு புத்தகத்தில் படித்தாள். இந்த வாக்குமூலத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். தற்காப்பு என்று அவள் சொன்னது குற்றச்சாட்டுக்குச் சான்றாகிறது. படிக்கத் தெரிந்ததே அவளுக்கு வினையாகிறது. அவள் கைதான நான்காம் நாள் பிரிட்ஜெட் பிஷப்பைத் தூக்கிலிட்டார்கள். அவளுக்கு எதிரான சாட்சியங்களிலும் சுவருக்குள் கிடைத்த துணிப் பாவைகள் இருந்தன. செப்டம்பர் முடிவதற்குள் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். அவர்களில் 14 பேர் பெண்கள்.

ஆனைத் தூக்கிலிடவில்லை. அவளுடைய உறவுகளைத் தொடர்ந்து போனால் காரணத்தை ஊகிக்கலாம். பாட்டன் பிரான்சிஸ் 1629இல் அந்தக் குடியேற்றத்துக்கு வந்த முதல் போதகர்களில் ஒருவர். சகோதரன் ஜான் அங்கே நீதிபதி. அதே கோடையில் வேறு பெண்களை விசாரித்த நீதிபதிகளின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. இன்னொரு சகோதரன் நத்தானியேல், ஹார்வர்டில் படித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயர் அவர்தான். எலிஹூ யேலை நீக்கிவிட்டுக் கம்பெனி அவரை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக அமர்த்தியது. பதவியேற்ற நாள் 1692 அக்டோபர் 23. சேலத்தில் கடைசித் தூக்கு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடிமையாக வாங்கப்பட்ட டிடுபாவுக்கு இப்படிப்பட்ட உறவுகள் இல்லை. அவள் உயிர் பிழைத்தாள். ஆனால் சிறைக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் ஓராண்டுக்கு மேல் உள்ளே கிடந்து, கட்டணத்தைச் செலுத்திய யாருக்கோ விற்கப்பட்டாள்.

கவர்னரின் பெயர் நம் நகர வரலாறுகளில் மேயர், யேலுக்குப் பின் வந்தவர் என்று இடம்பெறும். உடன்பிறந்தாள் அங்கே வருவதில்லை. சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே போன ஹிக்கின்சன் குடும்பக் கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. சகோதரர்கள் அவற்றில் வியாபாரம் பேசுகிறார்கள்: இந்தியத் துணிகளில் எது அங்கே விலைபோகும் என்பது போன்றவை. நம் நெசவாளர்களின் மஸ்லின் அந்தக் குடும்பத்தின் கணக்குக்குள் நுழைந்துவிட்டது. ஆனுடைய குரலைக் கேட்க வேண்டுமானால், அதே குடும்பம் கோலோச்சிய ஊரின் விசாரணைத் தாளுக்குத்தான் போகவேண்டும். அதுவும் ஓர் ஆண் எழுத்தர் தன் வேகத்தில் எழுதிக்கொண்ட அளவுக்கே கிடைக்கிறது.

தந்தைக்குத் தயக்கம் இருந்தது. ஜான் ஹேல் என்ற போதகர் அந்த வழக்குகளில் தவறு நேர்ந்ததை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு, எண்பது கடந்த வயதில் முன்னுரை தந்தார். நூல் 1702இல் வெளியானது. முதுமையால் வழக்குகளிலிருந்து ஒதுங்கியிருந்ததாக முன்னுரையில் சொல்கிறார். அதில் மகளின் பெயர் இல்லை. 1708இல் அவர் சேலத்திலும் நத்தானியேல் லண்டனிலும் இறந்தார்கள்.