ஸ்டெபிலைசர் (காம்பவுண்ட் வில்)

ஸ்டெபிலைசர் என்பது வில்லின் நடுப்பகுதியான ரைசரில் திருகிப் பொருத்தப்படும் கோல். பெரும்பாலும் கார்பன் இழைக் குழாய்; நுனியில் எடைவில்லைகள் இருக்கும். குறிபார்க்கும்போது வில் அலையாமலும், நாண் விடுபடும்போது கையில் திருகாமலும் இது காக்கிறது. 1961இல் அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஏர்ல் ஹாய்ட் இதை அறிமுகப்படுத்தினார். கப்பிகளால் இயங்கும் காம்பவுண்ட் வில்லுக்கு ஹாலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்றது 1969இல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் மாடம் மாடமாக வில்லேந்தி நிற்கும் திரிபுராந்தகருக்கும், இன்று மூங்கில் வில்லோடு ‘இந்தியன் ரவுண்ட்’ ஆடுபவருக்கும் இந்தக் கோல் கிடையாது.

விற்பனைப் பட்டியல்களில் வேட்டைக்கென்று வருபவை 6 முதல் 12 அங்குலம். புதரிலும் பரணிலும் சிக்காதிருக்கவே இந்தக் குட்டை அளவு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். கோடியக்கரை வெளிமான்களும் சரி, சம்பா வயலில் இறங்கும் பறவைகளும் சரி, அம்புக்கு உரியவை அல்ல. எனவே காவிரி டெல்டாவில் காம்பவுண்ட் வில் வாங்குபவர் குட்டைக் கோலைத் தேட வேண்டியதில்லை. அவருடைய இலக்கு 50 மீட்டரில் நிற்கும் 80 செ.மீ. தாள். 2023இல் பெர்லினில் இந்தியாவின் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் உலகப் பட்டம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

தேர்வில் முக்கியம் எடையைவிட நீளம். அதே எடையை இரட்டிப்புத் தூரத்தில் வைத்தால் வில்லின் திருகலை எதிர்க்கும் திறன் நான்கு மடங்காகிறது. தோளுக்கு வரும் பாரமோ இரண்டு மடங்குதான். அதனால் இலக்கை நோக்கி நீளும் 30 அங்குல முன்கோலில் சிறிய எடையே போதும். எய்பவர் பக்கம் நீளும் பின்கோல் குட்டை என்பதால் அதற்குக் கூடுதல் எடை தேவை: முன்னே 30 அங்குலத்தில் 4 அவுன்ஸ் என்றால், பின்னே 12 அங்குலத்தில் 10 அவுன்ஸ் ஈடுசெய்யும். வலக்கையர் வில்லில் சைட்டும் (குறிபார்க்கும் கருவி) அம்புத்தாங்கியும் வலப்புறம் கனப்பதால், பின்கோலை இடப்புறம் சாய்த்துப் பொருத்துவது வழக்கம். சைட்டிலுள்ள ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்பதே சாட்சி.

மற்றதைச் சைட்டின் குறிமுள்ளே சொல்லிவிடும். மஞ்சள் வட்டத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் முன்பாரம் அதிகம், மேலேறினால் பின்பாரம். துடிதுடித்தால் எடை போதவில்லை. பெரிதாக, மெதுவாக மிதந்தால் தோள் தாங்கவில்லை. ஒரு நேரத்தில் ஓர் அவுன்ஸ் மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியவர் எல்லா வில்லைகளையும் ஒரேயடியாக மாட்டிக்கொள்வது பொதுவான தவறு; முப்பதாவது அம்புக்குள் கை இறங்கிவிடும்.

மேடு, மறைப்பு இல்லாத டெல்டா வெளியில் ஆடிக்காற்று பக்கவாட்டில் வந்தால் தடித்த குழாயை உந்தித் தள்ளும். திறந்த மைதானத்தில் எய்பவருக்கு மெல்லிய, விறைப்பான குழாயே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாதாரண எஃகு வில்லைகள் துருப்பிடித்துத் திருகு இறுகிக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகில் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வீண்செலவல்ல.