துடிப்பைச் சீராக்கிய குளிசைகள்

மலேரியாவுக்கு ஊரில் கொடுத்த கொயினாவின் கசப்பு எங்கள் மூத்தவர்களுக்கு மறந்திராது. இருதயத் துடிப்பை ஒழுங்காக்கும் மருந்துகளின் கதையும் அந்தக் கொயினாவோடுதான் தொடங்குகிறது. 1912இல் வணிகர் ஒருவர் வெங்கெபாக் என்ற ஒல்லாந்து வைத்தியரிடம் போய், தன் நாடி தாறுமாறாக அடித்தால் கொயினா எடுப்பேன், நின்றுவிடும் என்றார். வைத்தியர் நம்பவில்லை. மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார் வணிகர்! 1918இல் ஜேர்மனியில் வால்டர் ஃப்ரை, கொயினாவின் உறவான குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டார்.

இருதயம் மின்சாரத்தால் துடிக்கிறது. சோடியம் கலங்களுக்குள் பாயும்போது மின்னலை ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். இம்மருந்துகள் சோடியம் நுழையும் வாசலை அடைக்கின்றன. அலையின் வேகம் குறைகிறது, வேண்டாத துடிப்புகள் அடங்குகின்றன.

மாரடைப்புக்குப் பின் இடையிடையே கூடுதல் துடிப்பு வருபவர்களில் திடீர் மரணம் அதிகம். ஆகவே அந்தத் துடிப்பை அடக்கினால் உயிர் தப்பும் என்று 1980களில் வைத்தியர்கள் நினைத்தார்கள். பிளெக்கனைட், என்கனைட் என்ற குளிசைகள் அதை மிக நன்றாக அடக்கின. உண்மையில் உயிர் காக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் 1987இல் 'காஸ்ட்' ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள்.

1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தினார்கள். சராசரி பத்து மாதத்தில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெறும் குளிசை எடுத்த 743 பேரில் 26 பேர். இத்தனைக்கும் மருந்துக்குத் துடிப்பு அடங்குகிறது என்று முதலிலேயே பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள் இவர்கள்.

காரணம் மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பு என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். அலை தழும்பைச் சுற்றி வளைந்து போகவேண்டும். மருந்து அதை மேலும் மெதுவாக்க, அது வெளியே வரும் நேரத்தில் பக்கத்துத் தசை மறுபடி துடிக்கத் தயாராகிவிடும். அலை அங்கேயே சுற்றத் தொடங்கினால் இருதயம் இரத்தத்தைத் தள்ளமுடியாமல் நடுங்கும்.

என்கனைட் 1991இல் சந்தையிலிருந்து போய்விட்டது. பிளெக்கனைட் இன்றும் உண்டு. தழும்போ வேறு பழுதோ இல்லாத இருதயங்களுக்கு நல்ல பயன் தருகிறது. அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தியரிடம் கூடப் போகும் பிள்ளைகள், பழைய மாரடைப்பு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் குளிசையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் வேண்டாம்.