ஆராவின் இரண்டு ஜாடிகள்

நம் சுவரோவிய மரபில் பொருள்கள் தனித்து நிற்பதில்லை. தென்னேரிக்கு அதிகத் தொலைவில் இல்லாத காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் எஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியங்களானாலும், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களானாலும், அங்கே கடவுளரும் அடியாருமே பேசுபொருள். குடமும் கனியும் மலரும் அவர்களைச் சார்ந்தே வரும். யார் கையிலும் இல்லாத ஒரு ஜாடியை வரைந்து, அதுவே முழு ஓவியம் என்று காட்டும் வழக்கம் ஐரோப்பியரின் தைல வண்ணத்தோடு நமக்கு வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அவ்வகைக்கு உயர்ந்த இடம் இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது வரலாற்றையும் புராணத்தையும் உச்சியில் வைத்தார். பழம், பூ முதலிய அசையாப் பொருள்களை அடியில் வைத்தார். பின்னாளில் சார்தேனும் செசானும் அந்த வரிசையைப் பொருளற்றதாக்கினர்.

இந்தியாவில் அந்தக் கடைசிப் படியைத் தன் இருப்பிடமாகக் கொண்டவர் கிருஷ்ணாஜி ஹௌலாஜி ஆரா. 1914இல் செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் ஒரு கார் ஓட்டுநரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். ஏழு வயதில் வீட்டைவிட்டு ஓடி பம்பாய் சேர்ந்து, வீட்டு வேலைக்காரச் சிறுவனானார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். பின்னர் கார் துடைக்கும் வேலை பார்த்தார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த கலை விமர்சகர் ரூடி வான் லேடன் அவர் திறமையைக் கண்டு ஊக்குவித்தார். 1942இல் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1947இல் சூசா, ரஸா, ஹுசேன், காடே, பாக்ரே ஆகியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தோற்றுவித்தார்.

ஆரா பெற்ற இரு பரிசுகளை நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1944இல் கவர்னர் பரிசு பெற்றது மராத்தியப் போரைச் சித்திரித்த பெரிய ஓவியம். ஃபெலிபியனின் அளவுகோலில் அது முதல் படி. 1952இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்றதோ 'இரண்டு ஜாடிகள்'. எட்டே ஆண்டுகளில் போர்க்களத்திலிருந்து ஜாடிக்கு வந்ததை இறக்கம் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. போரை ஆரா கேள்வியால் அறிந்தவர். பாத்திரங்களையோ பிறர் வீட்டில் உழைத்த கைகளால் அறிந்தவர். விருந்தினர் கண்ணுக்கு அலங்காரமாகத் தெரியும் ஜாடியின் கனம், அதைத் தூக்கி வைத்தவனுக்கே தெரியும்.

அவர் தூரிகையும் இதற்குச் சாட்சி. தொடக்கத்தில் நீர்வண்ணத்தையே தைல வண்ணம்போல் தடிமனாகப் பூசியவர் அவர். தைல வண்ணத்துக்கு வந்தபின் பொருள்களுக்குத் திண்மை மேலும் கூடியது. விமர்சகர்கள் செசானை நினைவுகூர்ந்தது இதனால்தான். ஆனால் கலைக்கல்லூரிப் படிப்பின் வழியே ஆரா அங்கே சென்று சேரவில்லை.

சூசா 1949இல் லண்டனுக்கும் ரஸா 1950இல் பாரீசுக்கும் சென்றனர். ஆரா பம்பாயிலேயே தங்கி, கலைஞர் மையத்தின் வழியாக இளம் ஓவியர்களுக்குத் துணைநின்று, 1985இல் மறைந்தார். தோழர்களின் பெயர்கள் ஏல அரங்குகளில் ஒலிக்கும் அளவுக்கு அவர் பெயர் ஒலிப்பதில்லை. படிநிலைகள் கலை வரலாற்றிலிருந்து எளிதில் நீங்குவதில்லை போலும். எனினும், அடியில் வைக்கப்பட்ட ஒரு மனிதர் அடியில் வைக்கப்பட்ட ஒரு பொருளைத் தங்கப் பதக்கம்வரை உயர்த்தினார் என்பதை நம் இலக்கியவாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.