ஜீப், தார் துணிக் கூரை ஒழுகுதா? ஐப்பசி மழைக்கு முன் வீட்டிலேயே கழற்றி சரிசெய்வது எப்படி? முழு விவரம்

மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் ஓடும் பழைய ஜீப் முதல் பாளையங்கோட்டை தெருக்களில் நிற்கும் புதிய மஹிந்திரா தார் வரை, துணிக் கூரை போட்ட வண்டிகளுக்கு ஒரே பிரச்னைதான்: மழை வந்தால் உள்ளே சொட்டும். பலரும் உடனே ‘ஹூட் போச்சு, புதுசு மாத்தணும்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. தையல் ஓட்டைகள், நசுங்கிப்போன ரப்பர் பீடிங், சரியாக இறுகாத ஓரங்கள், இந்த மூன்றும்தான் முக்கிய வழிகள். இவற்றை வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

எப்போது செய்யலாம்?

தாமிரபரணிப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை ஊத்து, நாலுமுக்கு போன்ற மலைப்பகுதிகளை நனைக்கும். நெல்லை நகருக்குப் பெரும்பாலும் காற்றுதான் வரும். நகருக்கும் சமவெளிக்கும் பெருமழை தருவது அக்டோபர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை. எனவே ஆவணி, புரட்டாசியில் வெயில் நின்று அடிக்கும் இரண்டு மூன்று நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. பசை காயவும் துணி உலரவும் அவ்வளவு நேரம் தேவை.

யார் வீட்டில் செய்யலாம், யார் கூடாது?

மாருதி ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப், 2010-ல் வந்த தார், 2020-ல் வந்த புதிய தாரின் துணிக் கூரை மாடல்கள் ஆகியவற்றில் கூரையைக் கையால்தான் கழற்ற வேண்டும். இவற்றை இரண்டு பேர் சேர்ந்தால் கழற்றிவிடலாம். பட்டனை அழுத்தினால் மடங்கும் மோட்டார் கூரை உள்ள சொகுசு கார்களில் கை வைக்க வேண்டாம். அதில் வயரிங்கும் ஹைட்ராலிக் குழாய்களும் இருக்கும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

முதல் வேலை: ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

கூரையைக் கழற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒருவர் டார்ச் லைட்டுடன் வண்டிக்குள் உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து தொடங்கி மேலே போகணும். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தணும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் வழிந்து எங்கே நுழைந்தது என்றே தெரியாது. சொட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைக்கவும்.

கழற்றுவது எப்படி?

1. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் செல்போனில் போட்டோ எடுங்கள். திரும்ப மாட்டும்போது இதுதான் கை கொடுக்கும்.

2. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பொதுவாகப் பின் ஜன்னல், பக்கத் திரைகள், பிறகு முன் கண்ணாடிக்கு மேலே உள்ள கொக்கி, கடைசியாகப் பின் ஓரம் என்ற வரிசையில் கழற்றலாம். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

3. மடங்கும் கம்பிச் சட்டத்தில் விரல் சிக்கும். ஒருவர் சட்டத்தைப் பிடிக்க, மற்றவர் கழற்றணும்.

4. பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்கவே கூடாது. பழைய போர்வை விரித்துப் படுக்கை வாட்டில் வையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் தூசியே கீறலாக மாறும்.

கழுவுவதும் உலர்த்துவதும்

கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மென்மையான பிரஷ் போதும். துணி துவைக்கும் பவுடர், பிளீச்சிங், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். பிரஷர் வாஷ் தையலைப் பெயர்த்துவிடும். பூஞ்சைக் கறை இருந்தால் தண்ணீர் நிறைய கலந்த வினிகரால் துடைத்து அலசுங்கள். பிறகு காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் முழுக்க உலரணும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை மறுபடி வரும். கம்பியில் துரு இருந்தால் உப்புத்தாள் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

சீல் செய்வது எப்படி?

தையல்: நூல் இற்றுப்போயிருந்தால் ஆட்டோ ஹூட், சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து மறு தையல் போட்டுவிடுவது நல்லது. நூல் நன்றாக இருந்தால், தையலுக்கான சீலரை உட்புறமாக மெல்லிய இரண்டு கோட் தடவுங்கள்.

கிழிசல்: அதே வகைத் துணியில் ஒட்டு வெட்டுங்கள். மூலைகள் வட்டமாக இருக்கணும். கூர் மூலைதான் முதலில் பெயரும். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 செ.மீ. வரட்டும்.

ரப்பர் பீடிங்: அழுத்தினால் எழும்பி வராமல் தட்டையாகவே இருந்தால் மாற்றணும். நன்றாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம். என்ஜின் ஆயிலும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் பாத்ரூம் சிலிக்கானையும் தவிருங்கள். அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

மேல் பூச்சு: கேன்வாஸ் துணிக்கு நீர் ஒட்டாத ஸ்பிரே, ரெக்சினுக்கு வெயில் பாதுகாப்பு தரும் வினைல் பூச்சு. இரண்டும் வேறு வேறு, மாற்றி அடிக்காதீர்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கணும்.

திரும்ப மாட்டும்போது கவனம்

முன் ஓரத்தை நேராகப் பொருத்தி, கொக்கியைத் தளர்வாக வையுங்கள். பின் ஓரமும் பக்கங்களும் உட்கார்ந்த பிறகே இறுக்கணும். சீலர் முழுதாகக் காய டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கொடுத்து, மறுபடி ஹோஸ் வைத்துச் சோதியுங்கள்.

இதில் அலட்சியம் ஆபத்து. நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் நான்கு வழிச்சாலையில் பணகுடி, காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரை காற்றாலைகள் நிற்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கக் காற்றில் ஒரு கொக்கி சரியாக மாட்டாத ஹூட் கிழியலாம், கழன்று பின்னால் வரும் பைக் மேலேயும் விழலாம். கிளம்பும் முன் ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

துணியை எடுத்துவிட்டு ஹார்ட் டாப் போடலாமா?

அதே வகைத் துணியை மாற்றுவது பழுதுபார்ப்பு. நிரந்தரமாக இரும்பு அல்லது ஃபைபர் கூரை போடுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 அபராதம் வரை போகலாம். இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரும். கூரையை மாற்றும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால்?

சொட்டிய தண்ணீர் என்றால் மேட்டை எடுத்துத் தரையை உலர்த்துங்கள். 2020 தாரில் தரையில் தண்ணீர் வெளியேற அடைப்பான்கள் உண்டு. திறந்துவிட்டு மறக்காமல் மூடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப் கொண்டு போகணும்.